உன் மூணாவது டியூன்ல நான் பாடுனது

தம்பி,

இதை உனக்கு மட்டும் தனியா அனுப்பலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். அனுப்புனா நீ ரெண்டு வரி படிச்சிட்டு "சரிம்மா"ன்னு ஒரு பதில் போட்டுட்டுப் போயிடுவ. அதனால நம்ம குடும்ப வாட்ஸப் குரூப்லயே போடறேன். உன் ரிசப்ஷன்ல நான் பாடுன வீடியோவ உன் மாமா இதே குரூப்லதான் போட்டாரு, இங்கேருந்துதான் அது ஊரெல்லாம் போச்சு. அதப் பாத்தவங்க எல்லாரும் இதையும் படிக்கட்டும். நீளமாத்தான் இருக்கும். பாதியில விட்டுட்டு கட்டைவிரல் பொம்மை போடறவங்க போடாமலே இருக்கலாம்.

மொதல்ல விஷயத்தச் சொல்லிடறேன். எனக்கு உன் மேல பொறாமை. பெத்த புள்ள மேல எவளுக்காவது பொறாமை வருமான்னு உங்க அத்தை இதப் படிச்சிட்டு போன் பண்ணுவா. வருது, என்ன பண்ணச் சொல்ற? சோறு வடிக்கும்போது வருது, பஸ்ஸுல உக்காந்தா வருது. உன் ஆல்பத்த யாராவது நல்லாருக்குன்னு சொன்னா, மொகத்துல சிரிப்பு வருது, வயித்துல எரியுது. ரெண்டும் ஒண்ணா வருது. இத நான் யார்கிட்டயும் சொல்லல, உங்கப்பாகிட்ட மட்டும் சொன்னேன். அவரு பேப்பரத் திருப்பிக்கிட்டே "அது தெரிஞ்ச கதைதானே"ன்னாரு.

சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டு ஜனங்க இப்பதான் குரூப்ல சேந்திருக்காங்க, அவுங்களுக்கு ஒண்ணும் புரியாது, அதனால சொல்லிடறேன். நான் கடலூர்ல கச்சேரி பாடறவ. மெல்லிசைக் குழு. பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி, பரங்கிப்பேட்டைன்னு திருவிழா, கல்யாணம் எதுன்னாலும் சினிமாப் பாட்டு பாடுவோம். இன்னும் பாடிக்கிட்டுதான் இருக்கேன், நிறுத்திட்டேன்னு யாரும் நெனச்சுக்க வேணாம். என் மகன் சிதம்பரம் அண்ணாமலை நகர்ல மாடி ரூம் ஒண்ணு வாடகைக்கு எடுத்து, பகல்ல காலேஜ் லேப்ல வேலை பாத்துக்கிட்டே, ஒரு ஆல்பம் பண்ணியிருக்கான். பேரு 'உப்பனாறு'. ட்ரம்ஸ், பேஸ் கிட்டார், கிட்டார், ஆர்கன் எல்லாத்தையும் அவனே ஒவ்வொண்ணா வாசிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ரெக்கார்ட் பண்ணது. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க அம்பது வருஷத்துக்கு முன்னாடி வாசிச்ச ஃபங்க், சோல்னு ரெண்டு வகையாம், அந்த வகை. ஒண்ணு உக்காந்த எடத்துலயே காலை ஆட வெக்கும், இன்னொண்ணு அழ வெக்கும். அதுல பாட்டு கிடையாது. ஒரு வார்த்தை, ஒரு ஹம்மிங் கூட கிடையாது.

பாடறவ வயித்துல பொறந்துட்டு ஒருத்தன் குரலே இல்லாத ஆல்பம் போட்டா அவளுக்கு எப்படி இருக்கும், நீயே சொல்லு. நான் கேட்டேன்ல உன்கிட்ட? "ஏன்டா, ஒரு எடத்துலயாவது அம்மா ஒரு ஆலாபனை பண்ணட்டுமே." நீ ஹெட்போனக் கழட்டாம, "இதுல வாய்ஸ் வராதும்மா, இது அப்படி இல்ல"ன்ன. அது அப்படி இல்லன்னா வேற எப்படின்னு எனக்கு வெளங்கல. அப்புறம் டியூனுக்கெல்லாம் பேர் வெச்சிருந்தத, இப்ப எனக்கு மருமகளா வந்திருக்கற அபி படிச்சுக் காட்டுனா. ஒண்ணு 'மத்தியான ஷிப்ட்', அது உங்கப்பாவுக்கு, குடிகாடு பக்கம் கம்பெனிக்கு அவரு சைக்கிள்ல போனதுக்கு. ஒண்ணு நம்ம குழு ட்ரம்ஸ்காரர் ஜோசப் அண்ணனுக்கு. ஒண்ணு உன் ஹவுஸ் ஓனர் வீட்டு நாய்க்கு. நாய்க்கு ஒரு டியூன் இருக்கு தம்பி, எனக்கு இல்ல.

பொறாமை புதுசா வந்ததுன்னு நெனைக்காத. உங்கப்பாவுக்கு ஷிப்ட் இருக்கற நாள்ல உன்ன விட்டுட்டுப் போக ஆள் இல்லாம கச்சேரிக்கு நான் தூக்கிட்டுப் போவேன். மேடையில பின்னாடி, ஸ்பீக்கர் பெட்டி மேல உக்கார வெப்பேன். எல்லாப் புள்ளையும் பாடற அம்மா வாயப் பாக்கும். நீ ஜோசப் அண்ணன் காலையே பாத்துக்கிட்டிருப்ப, அவரு வலது கால் பெடல மிதிக்கிறத. நான் பட்டுப்பொடவை கட்டி, பூ வெச்சு, கீழ ஜனம் விசிலடிக்கப் பாடிட்டுத் திரும்பிப் பாத்தா உன் மொகம் அந்தப் பக்கம் இருக்கும். ஒருநாள் வடலூர்ல கச்சேரி முடிச்சு வேன்ல வரும்போது, "அம்மா எப்படிடா பாடுனேன்?"னு ஆசையா கேட்டேன். "நீ ரெண்டாவது சரணத்துல சீக்கிரம் வந்துட்ட, ஜோசப் மாமா உனக்காக ஓடுனாரு"ன்ன. ஒண்ணாம் கிளாஸ் படிக்கிற புள்ள. வேன்ல எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். சிரிச்சேனே தவிர, வீடு வர்ற வரைக்கும் உன்ன மடியில வெச்சுக்கல.

என் தொழில்ல பாராட்டுன்னா ஒண்ணே ஒண்ணுதான், "அசல் அப்படியே இருக்குக்கா." யாரு பாடுன பாட்டோ அவுங்க எங்க மூச்சு வாங்குனாங்களோ அங்கதான் நானும் வாங்கணும். எங்க சிணுங்குனாங்களோ அங்க சிணுங்கணும். கொஞ்சம் மாத்திப் பாடுனா, தப்பாப் பாடிட்டேன்னு மேடைக்குக் கீழேருந்து சொல்லுவாங்க. இத்தனை வருஷமும் வேற பொம்பளைங்க குரல்லதான் நான் பாடியிருக்கேன். அதுல எனக்கு வருத்தம் இருந்ததில்ல, அது ஒரு வித்தை, எல்லாராலயும் முடியாது. ஆனா நீ அந்த ரூம்ல தனியா உக்காந்து இதுவரைக்கும் யாரும் வாசிக்காத ஒரு டியூன வாசிச்சப்ப எனக்குத் தோணுச்சு, இப்படி ஒண்ணு எனக்குன்னு இல்லையேன்னு. வகை அவுங்களோடதா இருக்கலாம், டியூன் உன்னோடது. யார்கிட்டயும் போயி அசல் மாதிரி இருக்கான்னு கேக்க வேண்டியதில்ல உனக்கு.

நீ ரெக்கார்ட் பண்ணிக்கிட்டிருந்த மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழமை சங்கரா மீன் கொழம்பு வெச்சு எடுத்துக்கிட்டு சிதம்பரம் வந்தேன். மாடிப்படி ஏறுனா அபி கதவ ஒரு சாண் தெறந்து, "அத்தை, பேஸ் எடுத்துக்கிட்டிருக்காரு, கொஞ்சம் கீழ உக்காருங்களேன்"னா. அப்ப உங்களுக்கு நிச்சயம்கூட ஆகல. அவ உள்ள ஒயரப் புடிச்சுக்கிட்டு நிக்கலாம், நான் கீழ நாய் பக்கத்துல உக்காரணும். உக்காந்தேன். மேல தளத்து வழியா வெறும் பேஸ் மட்டும் கேட்டுச்சு. ஒரே எடத்தத் திரும்பத் திரும்ப வாசிச்ச. ரயில் போனா நிறுத்துவ, போனதும் மறுபடி ஆரம்பிப்ப. கொழம்பு ஆறிப்போச்சு. மருமக மேல பொறாமையான்னு கேட்டா, இல்ல. சரி, கொஞ்சம் இருக்கு. அது தன்னால போயிடும், அவ நல்ல பொண்ணு.

இப்ப ரிசப்ஷனுக்கு வர்றேன். ஜனங்க சாப்புட்டுக்கிட்டிருந்தாங்க, மைக் செட்காரரு உன் ஆல்பத்த மெதுவா ஓடவிட்டிருந்தாரு. ஒருத்தரும் கவனிக்கல, கல்யாணத்துல எவன் கவனிப்பான்? மூணாவது டியூன் வந்துச்சு, அந்த மெதுவான டியூன். எங்க தொழில்ல இப்பல்லாம் ஆளுங்க கம்மி, லேப்டாப்ல ட்ராக் ஓடும். ட்ராக்னா பாட்டு இல்லாத வெறும் மியூசிக், அதுக்கு மேல நாங்க பாடணும். நாலு பார், அதாவது நாலு சுத்து தாளம், போனதும் என் வாய் தானா தெறந்துடும். மியூசிக் இருந்து குரல் இல்லன்னா அந்தக் குரல் நான்தான்னு ஒடம்புக்குப் பழகிப்போச்சு. மேடையில சும்மா கெடந்த மைக்க எடுத்தேன். ஒரு பழைய சோகப் பாட்டோட பல்லவி உன் தாளத்துல கச்சிதமா உக்காந்துச்சு. பழக்கத்துல வாய் தெறந்துச்சுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். அது பாதிதான் உண்மை. மைக்க எடுக்கும்போது எனக்கு நல்லாத் தெரியும், அது ட்ராக் இல்ல, உன் டியூன்னு.

என்னமா பாடுனேன் அன்னிக்கு! அதையும் சொல்லணும்ல. எலையில கை வெச்சவங்க திரும்பிப் பாத்தாங்க, சம்பந்தி எழுந்து நின்னு கை தட்டுனாரு, போட்டோக்காரரு உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டு என்கிட்ட வந்துட்டாரு. நடுவுல ஆர்கன் தனியா வர்ற எடம் ஒண்ணு இருக்கு பாரு, அங்க நான் சரணம் எடுத்தேன். எடுத்துட்டு உன்னப் பாத்தேன். மாலையோட நின்னுக்கிட்டு, யாருக்கோ கை குடுத்துக்கிட்டு, நல்லாத்தான் சிரிச்சுக்கிட்டிருந்த. ஆனா நீ என்னப் பாக்கல, ஸ்பீக்கரப் பாத்துக்கிட்டிருந்த. மறுவீட்டு விருந்துல எல எடுக்கறப்ப கேட்டேன், "எப்படிடா இருந்துச்சு?" நீ சொன்னது, "எல்லாரும் நல்லாருந்துச்சுன்னாங்கம்மா." எல்லாரும்.

அதுக்கப்புறம் வீடியோ போச்சு, பாண்டிச்சேரியில பீச் பக்கம் மியூசிக் ஹால் வெச்சிருக்கறவரு உனக்கு போன் பண்ணாரு. சனிக்கெழமை சாயங்காலம், கூட வாசிக்க ஆளுங்கள வெச்சு முழு ஆல்பமும் நீ மேடையில வாசிக்கலாம், ஆனா அந்த அம்மாவும் வந்து பாடணும். நீ எனக்கு போன் பண்ணி, "நீ வந்தாத்தான் குடுப்பாங்களாம், வர்றியாம்மா?"ன்ன. ரூம் கதவுக்கு வெளிய என்ன உக்கார வெச்சவன் கூப்புடறான். யோசிச்சுச் சொல்றேன்னு வெச்சேன். யோசிக்கவெல்லாம் இல்ல. நேரா பீரோவத் தெறந்து மாம்பழக் கலர் பொடவைய எடுத்துத் தோள்ல போட்டுக் கண்ணாடியில பாத்தேன். உங்கப்பா பாத்துட்டு, "அவன் கூப்புட்டது உன்னையா, இல்ல அவங்க கூப்புட்டதுக்காக உன்னையா?"ன்னாரு. உங்களுக்கு ஒரு டியூன் இருக்கு, நீங்க பேசாதீங்கன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் அபி போன் பண்ணா. வேற ஏதோ கேக்கற மாதிரி ஆரம்பிச்சா, வடாம் மாவுக்கு அளவு கேட்டா. அப்புறம் மெதுவா, "அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க அத ஒருவாட்டியாவது பாடாம கேட்டிருக்கீங்களா?"ன்னா. எனக்குச் சுருக்குனு வந்துச்சு. நான் பெத்தவன் வாசிச்சத நான் கேக்கலைன்னு நேத்து வந்தவ சொல்றதான்னு. ஆனா போன வெச்சிட்டு யோசிச்சா, அவ சொன்னது நெசம். வீட்டுல எப்பப் போட்டாலும் மொத டியூன் பாதியிலயே நான் முணுமுணுக்க ஆரம்பிச்சுடுவேன். அப்புறம் எனக்குக் கேக்கறது என் குரல்தான்.

வீட்டுல வாய மூட முடியாதுன்னு தெரிஞ்சுதான் பஸ்ஸுல ஏறுனேன். பஸ்ஸுல பாடுனா பைத்தியம்பாங்க. கடலூர்லேருந்து சிதம்பரம் போற நேரமும் உன் ஆல்பம் ஓடற நேரமும் ஏறக்குறைய ஒண்ணு. ஜன்னலோரமா உக்காந்து, வாயில ஒரு துண்டு கற்கண்டப் போட்டு அடக்கிக்கிட்டு, காதுல மாட்டிக்கிட்டேன். மொத டியூன் முடியறதுக்குள்ள தொண்டை ரெண்டு தடவ எழும்புச்சு, முழுங்குனேன். ரெண்டாவதுல உங்கப்பா சைக்கிள் வருது. எப்படிடா பண்ண அத? பேஸ் ஒரு பக்கம் மிதிக்குது, கிட்டார் செயின் மாதிரி கிறுகிறுன்னு சுத்திக்கிட்டே போகுது. ஆலப்பாக்கம் தாண்டி மூணாவது வந்துச்சு.

தம்பி, நான் சரணம் எடுத்தேன்ல, அந்த ஆர்கனுக்கு முன்னாடி ஒரு பார்ல யாருமே வாசிக்கலடா. ட்ரம்ஸ் இல்ல, பேஸ் இல்ல, ஒண்ணும் இல்ல. எல்லாம் சட்டுனு நிக்குது. எனக்கு போன்தான் நின்னுடுச்சோன்னு எடுத்துப் பாத்தேன். அப்புறம் ஆர்கன் ஒத்தச் சொரத்துல மெல்ல வருது. இத்தனை வருஷம் மேடையில நின்னவ நான், எனக்கு அங்க கண்ணு கலங்கிடுச்சு, பக்கத்துல உக்காந்திருந்த அம்மா என்னம்மா ஒடம்பு சரியில்லையான்னு கேட்டுச்சு. கல்யாணத்துல அந்த ஒரு பார்லதான் நான் கடைசி வார்த்தைய இழுஇழுன்னு இழுத்து, கைதட்டு வாங்கியிருக்கேன். சும்மா இருக்கற எடம்னு நெனச்சு நெரப்பியிருக்கேன். அந்தப் பாழாப்போன வீடியோவுல அது சுத்தமா தெரியுது, திரும்பப் பாத்தேன்.

அப்புறம் மிச்சத்தையும் கேட்டேன், நாய் டியூன் உள்பட. ஒவ்வொரு டியூன்லயும் எனக்கு ஒரு சந்து இருக்கான்னு தேடிக்கிட்டேதான் கேட்டேன், பொய் சொல்ல மாட்டேன். எங்கயும் இல்ல. எங்கயாவது கொறையா இருந்தா இங்க ஒரு குரல் வந்திருக்கலாம்னு சொல்லி மனசத் தேத்திக்கலாம். அதுக்கும் வழி இல்லாமப் பண்ணி வெச்சிருக்க. சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஒரு டீ குடிச்சேன். உன் வீட்டுக்கு வரலாம்னு கால் போச்சு. வந்தா ஏதாவது பேசிக் கெடுத்துடுவேன்னு அடுத்த பஸ்ஸப் புடிச்சுத் திரும்பிட்டேன். அதனாலதான் அபிகிட்டகூட சொல்லல.

இப்ப உனக்குக் கோவம் வர்ற எடம். அந்தப் பாண்டிச்சேரிக்காரருக்கு நானே போன் பண்ணிட்டேன். உன்கிட்ட கேக்கல. கேட்டிருந்தா நீ, "பரவால்லம்மா, வா, பாடு"ன்னுதான் சொல்லியிருப்ப, உன்ன எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொன்னேன், "சார், நீங்க அத ட்ராக்னு நெனச்சுட்டீங்க. நானும் அப்படித்தான் நெனச்ச மாதிரி நடந்துக்கிட்டேன். அது ட்ராக் இல்ல, அது முழுசு. அதுக்கு மேல பாட ஒண்ணும் இல்ல." அவரு, "வீடியோவப் பாத்துத்தான்மா ஜனம் வரும், நீங்க இல்லன்னா சனிக்கெழமை கஷ்டம்"ன்னாரு. நான் விடல. கச்சேரி பேசறதுல என்ன யாரும் சாய்க்க முடியாது. கடைசியில செவ்வாக்கெழமை சாயங்காலம் குடுத்திருக்காரு, சின்ன ஹால். கூட்டம் ஜாஸ்தி வராதுன்னு சொல்லிட்டாரு. ஒரு நல்ல சனிக்கெழமைய உனக்கு நான் கெடுத்திருக்கேனோ என்னவோ, திட்டணும்னா போன் பண்ணித் திட்டு, "சரிம்மா"ன்னு மட்டும் போடாத.

செவ்வாக்கெழமைக்குச் சிலது சொல்றேன், இது எனக்குத் தெரிஞ்ச வேலை. கூட்டம் கம்மியா இருந்தா மெதுவான டியூன்ல ஆரம்பிக்காத, ஜனங்க போனை எடுத்துடுவாங்க. மேடை ஏறறதுக்கு முன்னாடி சாப்புடாத, எறங்குனதும் சாப்புடு. மைக் செட்காரரு யாரா இருந்தாலும் அண்ணான்னு கூப்புடு, பேஸ் அவரு கையிலதான் இருக்கு. கை தட்டலன்னா தலையக் குனியாத. நாய் டியூனுக்கு அது நாய்க்குன்னு சொல்லிட்டு வாசி, சிரிப்பாங்க. அபிய, ஒவ்வொரு டியூன் முடிஞ்சதும் எப்படின்னு கேட்டுக் கொடைஞ்சு எடுக்காத. அந்த வியாதி என்கிட்டேருந்து உனக்கு வந்திருந்தா இப்பவே விட்டுடு, கூட இருக்கறவங்களுக்குச் சலிச்சுப் போயிடும். உங்கப்பாவைக் கேட்டுப் பாரு.

குரூப்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். அந்த வீடியோவ அழிக்க வேணாம், நான் நல்லாத்தான் பாடியிருக்கேன். வெச்சுக்கங்க, அனுப்பாதீங்க.

பொறாமை போயிடுச்சுன்னு எழுதி முடிக்கலாம்னு பாத்தேன், போகல. பஸ்ஸுல கேட்டப்புறம் ஜாஸ்திதான் ஆயிருக்கு. முன்னாடி புரியாம பட்டேன், இப்ப புரிஞ்சு படறேன். ஒருத்தரோட வித்தை எவ்வளவு பெருசுன்னு அதே வித்தையில ஏங்கிக் கெடந்தவளுக்குத்தான் தெரியும், அந்த வகையில உன் ஆல்பத்த என்ன மாதிரி கேட்டவங்க யாரும் இல்ல. அபிகூட இல்ல.

செவ்வாக்கெழமை நானும் அப்பாவும் வர்றோம். முன்வரிசையில சீட்டு போட்டு வெக்காத, மேடை பக்கத்துல இருந்தா என் வாய நான் நம்ப மாட்டேன். பின்னாடி கதவுகிட்ட நின்னுக்கறேன். மூணாவது டியூன்ல அந்த எடம் வரும்போது நீ பயப்படாம நிறுத்து, எவ்வளவு நேரம் வேணுமோ நிறுத்து. அங்க எவனாவது இருமுனா அவன நான் பாத்துக்கறேன்.

அம்மா